ஓய்வு பெறும் பாடசாலை அதிபர்களுக்கான ஓய்வூதிய நன்மைகள்: திருகோணமலை மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை அதிபர் சேவையிலும் இலங்கைக் கல்வி நிர்வாக சேவையிலும் இருந்து ஓய்வு பெறவிருக்கும் திருகோணமலை மாவட்ட அலுவலர்களையும், அண்மையில் ஓய்வு பெற்றவர்களையும் மனத்தில் கொண்டு இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் விடுமுறைப் படிவங்களையும் சம்பள ஏற்றப் படிவங்களையும் பிழையின்றிச் சிபாரிசு செய்து அனுப்பிய அதிபர் ஒருவர், தமது சொந்தச் சுயவிபரக் கோவையில் (தமது சேவை ஆவணங்கள் அடங்கிய கோப்பில்) என்ன இருக்கிறது என்பதை ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் முதன்முறையாகத் திறந்து பார்க்கிறார் என்பது இந்த மாவட்டத்தில் அரிதான செய்தியன்று. ஓய்வூதியத்தின் தொகையை விதிகள் தீர்மானிக்கின்றன. அது எப்போது கைக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கோவையே தீர்மானிக்கிறது.

அதிபர்களின் ஓய்வூதியம் எந்த விதிகளின் கீழ் வழங்கப்படுகிறது?

ஏனைய அரச அலுவலர்களுக்குப் போலவே அதிபர்களுக்கும் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பே அடிப்படை விதியாகும். பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் உருவாகிப் பலமுறை திருத்தப்பட்டுள்ள இவ்விதிகளின்படி, ஓய்வூதியம் அரசாங்கத்தின் திரட்டு நிதியிலிருந்து செலுத்தப்படுகிறது. அதற்கென அலுவலரின் சம்பளத்திலிருந்து எதுவும் கழிக்கப்படுவதில்லை. சம்பளப் பட்டியலில் மாதந்தோறும் கழிக்கப்பட்டு வந்த தொகை வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் உரிய தனியான திட்டத்துக்கானது. அதனைப் பற்றிப் பின்னர் பார்ப்போம். ஓய்வூதிய உரித்துள்ள பதவியில் இருப்பவர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கிடையாது. தனியார் துறையில் பணிபுரிந்த உறவினர் ஒருவர் பெற்ற பெருந்தொகையைக் கேள்வியுற்று, அதுபோன்ற ஒன்றைத் தாமும் எதிர்பார்ப்பவர்கள் இவ்வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

ஓய்வூதியம் பெறுவதற்கு அரச அலுவலர் எவருக்கும் முழுமுற்றான உரிமை இல்லை என்று அதே பிரமாணக் குறிப்பு தொடக்கத்திலேயே கூறுகிறது. பெரும்பாலானோர் இவ்வாசகத்தை வாசிக்காமலே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். ஒழுக்காற்று நடவடிக்கையோ கணக்காய்வு விடயமோ தொக்கி நிற்கும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது.

நான் மாகாணப் பாடசாலையில் அதிபராக இருந்தேன். நண்பர் தேசிய பாடசாலையில் இருந்தார். எங்கள் ஓய்வூதியத்தில் வேறுபாடு உண்டா?

தொகையில் வேறுபாடு இல்லை. ஆவணங்கள் செல்லும் பாதையில் உண்டு. தேசிய பாடசாலை மத்திய கல்வி அமைச்சின் கீழ் உள்ளது. மாகாணப் பாடசாலையின் கோவை வலயக் கல்வி அலுவலகம், திருகோணமலையில் இயங்கும் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் ஆகியவற்றினூடாகச் செல்கிறது. இம்மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய வலயங்கள் உள்ளமையால், சேவைக் காலத்தில் பல வலயங்களுக்கு இடமாற்றம் பெற்றவர்களின் கடிதங்கள் பல அலமாரிகளில் சிதறிக் கிடக்க இடமுண்டு. எந்த வழியாகச் சென்றாலும் ஓய்வூதியத்தை அங்கீகரிப்பது கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள ஓய்வூதியத் திணைக்களம். அதன்பின் மாதாந்தக் கொடுப்பனவு தொடர்பாக நீங்கள் நாடவேண்டிய இடம் உங்கள் வதிவிடத்துக்குரிய பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவாகும்.

எத்தனை வயதில் ஓய்வு பெற வேண்டும்?

கட்டாய ஓய்வு வயது 60. விருப்பத்தின் பேரில் 55 வயதிலிருந்து ஓய்வு பெறலாம். இடையில் ஏற்பட்ட மாற்றங்களால் குழப்பம் இன்னும் நீடிப்பதனால் அவற்றையும் கூறுவது பொருத்தமாகும். 2021 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் அரச அலுவலரின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்த முன்மொழிந்தது. 2022 ஓகஸ்ட் 30 ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட இடைக்கால வரவுசெலவுத் திட்டம் அதனை மீண்டும் 60 ஆகக் குறைத்தது; அப்போது 60 வயதைக் கடந்து பணியில் இருந்தவர்கள் 2022 டிசெம்பர் 31 உடன் ஓய்வு பெற வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் பெருந்தொகையானோர் ஒரே நாளில் ஓய்வு பெற்றதாலும், பொருளாதார நெருக்கடியாலும், அக்காலத்தில் ஓய்வு பெற்ற பலரின் பணிக்கொடை நீண்ட காலம் தாமதமானது. இன்று ஓய்வு பெறுபவர்கள் அந்த அனுபவத்தைத் தமக்குரிய அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஓய்வு பெறுதலும் பதவி விலகுதலும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திக் கூற வேண்டியுள்ளது. 55 வயதுக்கு முன் குடும்பச் சூழ்நிலையால் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வெளிநாடு சென்றவர்களும், விடுமுறை முடிந்தும் கடமைக்குத் திரும்பாமல் பதவியை வறிதாக்கியவர்களாகக் கருதப்பட்டவர்களும், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவை இருந்தும் ஓய்வூதியத்தை இழந்திருக்கிறார்கள். அத்தகைய முடிவை எடுப்பதற்கு முன் வலயக் கல்வி அலுவலகத்தின் தாபனப் பிரிவில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டுப் பெறுவது நல்லது.

ஓய்வூதியத்துக்கு எத்தனை ஆண்டுச் சேவை வேண்டும்?

குறைந்தபட்சம் 10 ஆண்டுகள். உச்ச வீதத்தைப் பெறுவதற்கு 30 ஆண்டுகள், அதாவது 360 மாதங்கள், நிறைவாக இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட சேவை வீதத்தைக் கூட்டாது. அதிபர்களுள் பலர் இருபத்தைந்து வயதையொட்டி ஆசிரிய நியமனம் பெற்றவர்கள் என்பதால் அவர்களுக்கு இந்த எல்லை சிக்கலாவதில்லை. தாமதமாக நியமனம் பெற்றவர்களுக்குத்தான் ஒவ்வொரு மாதமும் பெறுமதி வாய்ந்தது. ஆசிரியர் சேவையில் கழிந்த காலமும் அதிபர் சேவையில் கழிந்த காலமும் தொடர்ச்சியானவையாக இருந்தால் ஒரே சேவையாகவே எண்ணப்படும்.

தொண்டர் ஆசிரியராகப் பணிபுரிந்த காலமும், போர்க்காலத்தில் இடம்பெயர்ந்திருந்த காலமும், சம்பளமற்ற விடுமுறையும் கணக்கில் வருமா?

இவை மூன்றும் வெவ்வேறானவை. சேர்த்துக் கேட்கப்படுவதாலேயே பலர் தவறான விடையைப் பெற்றுச் செல்கிறார்கள்.

தொண்டர் ஆசிரியராகப் பணிபுரிந்த காலம் ஓய்வூதியத்துக்குரிய சேவையாகக் கொள்ளப்படுவதில்லை. போர்க்காலத்தில் மூதூர், வெருகல், குச்சவெளி போன்ற பகுதிகளில் பாடசாலைகள் மூடப்படாமல் இருந்ததற்குக் காரணமானவர்களுள் தொண்டர் ஆசிரியர்களும் அடங்குவர்; எனினும் நிரந்தர நியமனக் கடிதத்தில் குறிப்பிடப்பட்ட திகதியிலிருந்தே அவர்களது சேவை தொடங்குகிறது. இது நியாயமா என்ற கேள்வி என்னளவில் தீரவில்லை. ஆனால் விதி அப்படித்தான் உள்ளது. கல்வியியற் கல்லூரியில் நியமனத்துக்கு முன் பயின்ற காலமும் சேவையில் சேராது. மாறாக, நியமனம் பெற்ற பின் சம்பளத்துடன் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றிருந்தால் அக்காலம் சேவையே.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வேறொரு பாடசாலையில் அல்லது வலயத்தில் இணைக்கப்பட்டுச் சம்பளம் பெற்றிருந்தால் சேவை முறியவில்லை என்றே பொருள். இங்கே தேவைப்படுவது சான்று. தற்காலிக இணைப்புக் கடிதம், அக்காலத்துச் சம்பளப் பதிவு, இணைக்கப்பட்டிருந்த பாடசாலையின் சம்பவத் திரட்டில் (நிகழ்வுகள் பதியப்படும் ஏட்டில்) உள்ள கடமையேற்புக் குறிப்பு ஆகியவற்றில் எது கிடைத்தாலும் அதன் உறுதிப்படுத்திய பிரதியைக் கோவையில் சேர்ப்பிக்க வேண்டும். சம்பளம் வழங்கப்படாத இடைவெளி ஏதேனும் இருந்தால், அது எந்த வகை விடுமுறையாகக் கொள்ளப்பட்டது என்பதை எழுத்தில் தீர்த்துக்கொள்ளாமல் ஓய்வு பெறக் கூடாது.

சொந்தக் காரணத்துக்காகப் பெற்ற சம்பளமற்ற விடுமுறை பொதுவாகச் சேவைக் காலத்தைக் குறைக்கும். 2022 ஜூன் மாதம் பொது நிர்வாக அமைச்சு வெளியிட்ட 14/2022 ஆம் இலக்கச் சுற்றறிக்கையின் கீழ், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வேலை செய்வதற்காக ஐந்து ஆண்டுகள் வரை பெறப்பட்ட விடுமுறை இதற்கு விதிவிலக்கு. அது சேவை மூப்பையும் ஓய்வூதியத்தையும் பாதிக்காது. அச்சுற்றறிக்கையின் நிபந்தனைகளை நிறைவேற்றியமைக்கான சான்றுகளை விடுமுறை பெற்றவரே பேணி வைத்திருக்க வேண்டும்.

நான் ஆசிரியர் சேவையில் இருந்துகொண்டே பல ஆண்டுகள் அதிபர் கடமையைப் பார்த்தேன். எந்தச் சம்பளத்தில் ஓய்வூதியம் கணிக்கப்படும்?

உங்கள் நிரந்தரப் பதவிக்குரிய சம்பளத்தில் கணிக்கப்படும். அதாவது, இலங்கை ஆசிரியர் சேவையில் நீங்கள் வகித்த வகுப்பும் தரமும் கருத்திற் கொள்ளப்படும். அதிபர் கடமையைப் பதிலாக நிறைவேற்றியமை ஓய்வூதியக் கணிப்பில் இடம்பெறாது. பின்தங்கிய கிராமமொன்றில் இருந்த சிறிய பாடசாலையைப் பதினைந்து ஆண்டுகள் கட்டிக் காத்தவருக்கு இது கசப்பான விடைதான். அதிபர் சேவைக்கான போட்டிப் பரீட்சை நடைபெறும்போது, பாடசாலையை விட்டு நகர முடியாதென்று அதனைத் தவிர்ப்பவர்கள் இந்த விளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிபர் கொடுப்பனவும் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் ஓய்வூதியக் கணிப்பில் சேருமா?

சேராது. இறுதியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளமே கணிப்பின் அடித்தளம். ஓய்வூதியர்களுக்கென வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு தனியாக உண்டு. அது ஓய்வூதியத்துடன் சேர்த்து வழங்கப்படுவது, ஓய்வூதியத்தின் பகுதியன்று.

குறைத்த ஓய்வூதியம், குறைக்காத ஓய்வூதியம், பணிக்கொடை: இவற்றை எப்படி விளங்கிக்கொள்வது?

அடிப்படைச் சம்பளத்துக்கும் சேவை மாதங்களுக்கும் ஏற்ப, ஓய்வூதிய அட்டவணையில் ஒரு வீதம் கிடைக்கிறது. 30 ஆண்டுகள் நிறைந்தவருக்கு அது சம்பள அளவைப் பொறுத்து ஏறத்தாழ 85 முதல் 90 சதவீதம் வரை அமையும். இதுவே குறைக்காத ஓய்வூதியம். இதன் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஓய்வு பெறும்போது ஒரு மொத்தத் தொகையைப் பெறுவதே நடைமுறை. விட்டுக்கொடுத்த பின் மாதந்தோறும் கைக்கு வருவது குறைத்த ஓய்வூதியம். மொத்தமாகக் கிடைப்பது பணிக்கொடை.

பணிக்கொடை, குறைத்த ஓய்வூதியத்தின் 24 மாதத் தொகைக்குச் சமமானது. குறைத்த ஓய்வூதியம் மாதம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பணிக்கொடை 12 இலட்சம் ரூபாய். கடன் மீதிகள் இருந்தால் அவை இதிலிருந்தே கழிக்கப்படும் என்பதால், வீட்டுக்குக் கூரை போடவோ மகளின் திருமணத்துக்கோ முழுத் தொகையையும் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது அறிவுடைமையாகாது.

ஓய்வு பெற்று 10 ஆண்டுகள் கழிந்ததும் குறைத்த ஓய்வூதியம் குறைக்காத ஓய்வூதியமாக மாற்றப்பட வேண்டும். அதாவது, 60 வயதில் ஓய்வு பெற்றவர் 70 வயதில் முழு வீதத்தைப் பெறத் தொடங்குகிறார். இம்மாற்றம் தானாகவே நிகழ்ந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாமல், அந்த மாதம் வங்கிக் கணக்கில் விழும் தொகையைப் பார்த்து, மாறாதிருந்தால் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்பது அவசியம். எழுபது வயதில் கண்ணும் காலும் ஒத்துழைக்காதபோது இதனைப் பார்ப்பதற்குப் பிள்ளைகளுள் ஒருவருக்கேனும் ஓய்வு பெற்ற திகதி தெரிந்திருக்க வேண்டும்.

ஆவணங்களைத் தயார் செய்ய எப்போது தொடங்க வேண்டும்? என் பழைய கோவை தொலைந்துவிட்டதாகக் கூறுகிறார்கள்.

ஓய்வூதிய விண்ணப்பமான பீ.டி. 3 படிவத்தை ஓய்வுத் திகதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பேனும் நிரப்பத் தொடங்குவது பொதுவான அறிவுரை. என் கருத்தில் ஆறு மாதங்கள் படிவத்துக்குப் போதும், கோவைக்குப் போதாது. 55 வயதைக் கடந்ததும் அதிபர் ஒருவர் தமது சுயவிபரக் கோவையை வலயத்தில் ஒருமுறை பக்கம் பக்கமாகப் பார்த்துவிட வேண்டும்.

முதல் நியமனக் கடிதம், கடமையேற்றமைக்கான பதிவு, பதவியில் உறுதிப்படுத்திய கடிதம், வினைத்திறன் தடைதாண்டல் பெறுபேறுகள், ஒவ்வொரு பதவியுயர்வுக் கடிதம், இடமாற்றக் கடிதங்கள், 2006 மற்றும் 2016 ஆம் ஆண்டுச் சம்பள மாற்றக் கடிதங்கள், விடுமுறைப் பதிவுகள் ஆகியவை ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றனவா என்று பார்ப்பதே நோக்கம். ஒரு சம்பள மாற்றக் கடிதம் இல்லாவிட்டால், அதற்குப் பிந்திய சம்பளப் படிகள் யாவும் கேள்விக்குள்ளாகும். அத்துடன் உங்கள் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், வாழ்க்கைத் துணையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் தனிப்பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் விபரம் ஆகியனவும் தேவைப்படும்.

இம்மாவட்டத்தில் கோவைகள் இல்லாமற்போனதற்குக் காரணங்கள் பல. போரின்போது அலுவலகங்கள் இடம்பெயர்ந்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர் உள்ளிட்ட கரையோரப் பகுதிகளைத் தாக்கியபோது வீடுகளில் இருந்த மூலப் பிரதிகளும் அழிந்தன. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையடுத்து இணைந்த வடக்குக் கிழக்கு மாகாணம் 2007 இன் தொடக்கத்தில் பிரிந்தது. அதற்கு முன் வடக்கில் பணிபுரிந்து கிழக்குக்கு மாறியவர்களின் கடிதங்கள் சில இன்றும் அங்கேயே இருக்கக்கூடும். ஆகையால் கோவை இல்லையென்று ஓர் அலுவலகம் கூறினால் அதனை இறுதி விடையாகக் கொள்ளாமல், பணிபுரிந்த ஒவ்வொரு வலயத்துக்கும் தனித்தனியே எழுதிக் கேட்பது பயன் தரும். பாடசாலைகளின் சம்பவத் திரட்டுகளும் சம்பளப் பதிவேடுகளும் பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன. உங்களிடம் எஞ்சியுள்ள பிரதிகளை உறுதிப்படுத்தி, இரட்டைக் கோவை ஒன்றைத் திறக்குமாறு வலயத்திடம் எழுத்து மூலம் கோரலாம்.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், நியமனக் கடிதத்தில் வேறொரு பெயர். இது தடையாகுமா?

தடையாகும்; ஆனால் தீர்க்கக்கூடியது. தந்தையின் பெயரின் முதலெழுத்து விடுபடுவதும், கிராமத்தின் பெயர் முன்னால் ஒட்டிக்கொள்வதும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதும் நம் மக்களிடையே வழக்கமானவை. இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கோவையில் சேர்ப்பது நடைமுறை. பிறந்த திகதியில் வேறுபாடு இருந்தால் சத்தியக் கடதாசி மட்டும் போதாமல் போகலாம் என்பதால், அதனை ஓய்வுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே திருத்திக்கொள்ள வேண்டும்.

பாடசாலையை ஒப்படைப்பதில் அதிபர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஓர் ஆசிரியரின் ஓய்வூதியத்துக்கும் ஓர் அதிபரின் ஓய்வூதியத்துக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான் உள்ளது. ஆசிரியர் தம் வகுப்பை விட்டுச் செல்கிறார். அதிபரோ காசையும் பொருளையும் கட்டடத்தையும் பதிவேடுகளையும் விட்டுச் செல்கிறார்.

காசேடு, வங்கிக் கணக்குகள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிதி, வசதிகள் சேவைக் கட்டணம், பொருட் பதிவேடு, சேர்வு இடாப்பு, சம்பவத் திரட்டு ஆகியவற்றைப் புதிய அதிபரிடமோ பொறுப்பேற்பவரிடமோ பட்டியலிட்டு ஒப்படைத்து, இருவரும் கையொப்பமிட்ட பிரதியொன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். உடைந்த தளபாடங்களும் பழுதடைந்த கணினிகளும் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பில் முறைப்படி கழித்து எழுதப்படாமல் இருந்தால், அவை பதிவேட்டில் உயிருடன் இருந்து, ஓய்வு பெறும் அதிபரின் பெயரில் குறைபாடாக நிற்கும். நன்கொடையாளர்களும் பழைய மாணவர்களும் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பொருட்களுக்கும் இதே விதிதான். அவை பதிவேட்டில் ஏறாமல் இருந்தாலும் கேள்வி வரும், ஏறிய பின் காணாமற்போனாலும் கேள்வி வரும்.

கணக்காய்வு ஐயவினாக்களுக்கு விடையளிக்காமல் ஓய்வு பெறுவது ஆபத்தானது. ஓய்வு பெறும் திகதியில் ஒழுக்காற்று விசாரணை தொக்கி நின்றால், அல்லது அலுவலர் அளித்த விளக்கம் திருப்தியற்றதாக இருந்தால், ஓய்வூதியத்தை நிறுத்தி வைக்கவோ குறைக்கவோ ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12 ஆம் பிரிவு இடமளிக்கிறது. இப்பிரிவின் கீழ் ஓய்வு பெறச் செய்யப்பட்டவர் அஞ்சி ஒதுங்கிவிட வேண்டியதில்லை. தமக்கெதிரான குற்றச்சாட்டின் பிரதியைப் பெற்று, காலம் தாழ்த்தாமல் விளக்கமளித்து, விசாரணையை விரைவாக முடிக்குமாறு எழுத்தில் வற்புறுத்த வேண்டும். அதிபர் சேவைக்குரிய ஒழுக்காற்று அதிகாரம் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கல்விச் சேவைக் குழுவிடம் உள்ளது. ஆணைக்குழுவின் தீர்மானங்களுக்கு எதிராக நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபையை நாடலாம்.

இடர் கடன் (அரச அலுவலர் அவசரத் தேவைக்குப் பெறும் கடன்) மீதி இருந்தால்?

பணிக்கொடையிலிருந்து அறவிடப்படும். அரச விடுதியில் குடியிருந்தவர் அதனை ஒப்படைத்தமைக்கான கடிதத்தையும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதியம் என்பது என்ன?

அலுவலகப் பேச்சில் ‘டபிள்யூ அன்ட் ஓபி’ என்று வழங்கும் இத்திட்டத்துக்குத்தான் உங்கள் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பங்களிப்புக் கழிக்கப்பட்டது. ஆண் அலுவலரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான திட்டம் 1898 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருந்து வருகிறது; பெண் அலுவலரின் கணவருக்கும் பிள்ளைகளுக்குமான திட்டம் 1983 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தினால் வந்தது. அலுவலர் அல்லது ஓய்வூதியர் இறந்த பின் வாழ்க்கைத் துணைக்கும், துணை இல்லாதவிடத்துத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கும் ஓய்வூதியம் தொடர்வதற்கு இதுவே வழி. நிரந்தரமாக இயலாமையுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு தடையாவதில்லை. அத்தகைய பிள்ளை உள்ள பெற்றோர் மருத்துவ ஆவணங்களைத் தாம் உயிருடன் இருக்கும்போதே ஒழுங்குபடுத்தி வைப்பது பெரும் உதவியாகும்.

இங்கே தடங்கல் பெரும்பாலும் திருமணச் சான்றிதழில்தான் எழுகிறது. கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்தும், பதிவு செய்யாமல் விட்ட திருமணங்கள் சென்ற தலைமுறையில் குறைவல்ல. இறப்புக்குப் பின் அத்திருமணத்தை நிறுவும் சுமை துணைவியின் தலையில் விழுகிறது. டபிள்யூ அன்ட் ஓபி இலக்கத்தையும், அத்திட்டத்தில் துணையின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்பதையும் பணியில் இருக்கும்போதே சரிபார்க்க வேண்டும். மறுமணம் செய்தவர்கள் முந்திய திருமணம் முடிவுற்றமைக்கான தீர்ப்பின் பிரதியையோ மரணச் சான்றிதழையோ சேர்த்து வைக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பின் எனக்கு முன்திகதியிட்ட பதவியுயர்வு கிடைத்தது. ஓய்வூதியம் மாறுமா?

பதவியுயர்வு செயற்படும் திகதி ஓய்வுத் திகதிக்கு முன்னதாக இருந்தால், சம்பளத்தை மீளக் கணித்து ஓய்வூதியத்தைத் திருத்துமாறு கோரலாம்; பணிக்கொடையின் வித்தியாசமும் அதனுடன் கோரப்பட வேண்டும். இக்கோரிக்கையைத் தொடங்க வேண்டிய இடம் இறுதியாகப் பணிபுரிந்த வலயம் அல்லது அமைச்சாகும், பிரதேச செயலகம் அன்று. இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்புக்கான கடிதத்தை எதிர்பார்த்தபடியே ஓய்வு பெறும் அதிபர்கள், அந்த விண்ணப்பத்தின் பிரதியைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

ஒரே தரத்தில் ஓய்வு பெற்ற இருவரின் ஓய்வூதியம் இவ்வளவு வேறுபடுவது ஏன்?

ஓய்வு பெற்ற ஆண்டுதான் காரணம். 2016 இன் சம்பள மறுசீரமைப்பில், அதுவரை தனியாக வழங்கப்பட்ட 10,000 ரூபாய் இடைக்காலக் கொடுப்பனவு உட்பட்ட தொகைகள் 2020 ஜனவரி வரை படிப்படியாக அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்கப்பட்டன. ஆகவே 2015 இல் ஓய்வு பெற்றவருக்கும் 2020 இல் ஓய்வு பெற்றவருக்கும் கணிப்பின் அடித்தளமே வேறு. அதன்பின் 2021 இல் ஆசிரியர்களும் அதிபர்களும் நீண்ட தொழிற்சங்கப் போராட்டம் நடத்தி, சம்பள முரண்பாட்டுக்கான தீர்வின் மூன்றிலொரு பங்கை 2022 ஜனவரி முதல் பெற்றார்கள். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் அதில் அடங்கவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து அடிப்படைச் சம்பளம் மீண்டும் கட்டங்களாக உயர்த்தப்பட்டு வருகிறது.

2020 ஜனவரி 1 க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதியத்தை 2020 ஆம் ஆண்டுச் சம்பள நிலைக்கு ஏற்பத் திருத்துவதற்கு 2025 வரவுசெலவுத் திட்டம் முன்மொழிந்தது. 2025 ஜூலை, 2026 ஜூலை, 2027 ஜூலை என மூன்று கட்டங்களாக அது நடைமுறைக்கு வருவதாகத் திட்டமிடப்பட்டது. முரண்பாடு இதனால் குறையும், முற்றாக நீங்காது. ஒரே பாடசாலையை அடுத்தடுத்து நடத்திய இருவர் ஒரே மருந்துக் கடையில் வெவ்வேறு கொள்வனவு சக்தியுடன் நிற்பது கொள்கை வகுப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய விடயம்.

விண்ணப்பம் தாமதமானால் யாரைக் கேட்பது?

முதலில் கோவை எங்கே உள்ளது என்பதைக் கண்டறிய வேண்டும். வலயத்திலா, மாகாணத்திலா, அமைச்சிலா, ஓய்வூதியத் திணைக்களத்திலா என்பது தெரியாமல் கொழும்புக்கு இரவு ரயிலேறுவதால் களைப்புத்தான் மிஞ்சும். திணைக்களத்தின் 1970 என்ற துரித இலக்கத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கூறி விசாரிக்கலாம். வாய்மொழி விடைகள் திருப்தி தராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். “என் கோவை தற்போது எந்த அலுவலரின் பொறுப்பில், எந்தத் திகதியிலிருந்து உள்ளது?” என்ற ஒற்றைக் கேள்வி, பல கோவைகளை நகர்த்தியிருக்கிறது.

தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் விடை பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. சிங்களத்தில் மட்டும் விடை வந்தால் அதனைத் திருப்பிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம்.

பணிக்கொடைக்கும் ஓய்வூதியத்துக்கும் வருமான வரி உண்டா?

அரசாங்கம் செலுத்தும் மாதாந்த ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. பணிக்கொடையை நிலையான வைப்பில் இட்டால், அதன் வட்டியிலிருந்து 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம் பிடித்து வைக்கப்படுகிறது. வரிக்குரிய வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவர்கள் வங்கியில் அதற்கான பிரகடனத்தைச் சமர்ப்பித்து இக்கழிவைத் தவிர்த்துக்கொள்ளலாம். வழமைக்கு மாறான வட்டி தருவதாகக் கூறி, பணிக்கொடை வந்த வாரமே வீடு தேடி வருபவர்களிடம் அதனைக் கொடுக்காதீர்கள். ஓய்வு பெற்ற அதிபரின் பெயர் ஊரில் அனைவருக்கும் தெரியும். பணம் வந்த செய்தியும் தெரியும்.

உயிர்வாழ் சான்றிதழை எப்படிக் கொடுப்பது? நான் பிள்ளைகளுடன் வெளிநாட்டில் இருக்கிறேன்.

உள்நாட்டில் வசிப்பவர் ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் பிரதேச செயலகத்தில் சமர்ப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகம் அல்லது உயர் ஸ்தானிகராலயத்தில் நேரில் தோன்றி உறுதிப்படுத்திய சான்றிதழை அனுப்பலாம். தமிழ்நாட்டில் தங்கியிருப்பவர்களுக்குச் சென்னையில் உள்ள பிரதி உயர் ஸ்தானிகராலயம் உண்டு. சான்றிதழ் வராவிட்டால் ஓய்வூதியம் இடைநிறுத்தப்படும். ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்தினர் உடனடியாகப் பிரதேச செயலகத்துக்கு அறிவிக்க வேண்டும். இறப்புக்குப் பின் தன்னியக்க இயந்திர அட்டையைப் பயன்படுத்தி எடுத்த ஓய்வூதியத் தொகை பின்னர் அறவிடப்படும், துணைவியின் ஓய்வூதியமும் அதனால் தாமதமாகும்.

மருத்துவக் காப்புறுதியும் ரயில் வாரண்டும் தொடருமா?

அக்ரஹார காப்புறுதி ஓய்வூதியர்களுக்கும் உண்டு. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதனை நடத்துகிறது, பங்களிப்பு ஓய்வூதியத்திலிருந்து கழிக்கப்படுகிறது. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையின் பிரதியையும் பற்றுச்சீட்டுகளின் மூலப் பிரதிகளையும் கேட்டு வாங்காவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ரயில் வாரண்டைப் பிரதேச செயலகத்தில் பெறலாம்.

ஓய்வு பெற்ற பின் தனியார் கல்வி நிலையத்தில் கற்பிக்கலாமா?

கற்பிக்கலாம், அதனால் ஓய்வூதியம் பாதிக்கப்படாது. ஆனால் அதில் கிடைக்கும் வருமானம் ஓய்வூதியத்தைப் போல வரிவிலக்குப் பெற்றதன்று. அரச நிறுவனமொன்றில் ஒப்பந்த அடிப்படையில் மீண்டும் சேர்வதாக இருந்தால், சம்பளத்துடன் ஓய்வூதியமும் சேர்ந்து கிடைக்குமா என்பதை நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுவதற்கு முன் எழுத்தில் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.